பரிதிமாற் கலைஞர்: விரும்பி ஏற்ற ஆசிரியப் பணி

வேறு தொழில் வாய்க்காமையால் ஆசிரியரானோர் எக்காலத்தும் உளர். வேறு தொழில் தம்மைத் தேடிவந்து நிற்கவும், அதனை விலக்கிவிட்டு, ஊதியத்தாலும் மதிப்பாலும் தாழ்ந்ததென அக்காலத்தார் எண்ணியிருந்த தமிழாசிரியப் பணியைத் தாமே வேண்டிப் பெற்றவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், நாம் நாள்தோறும் காணும் இக்கடற்கரைப் பகுதியை அடுத்திருந்த கல்லூரியொன்றில் கற்றுக், கற்பித்து, அப்பணியிலேயே உயிர் நீத்தார். அவர்தாம் சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் இயற்பெயருடைய பரிதிமாற் கலைஞர். அவர்தம் வரலாற்றை நம் கல்லூரி அன்பர்கட்குச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை யான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. யான் இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார் துறைமுகத்துச் சரக்குகளுக்குக் கணக்கெழுதும் வேலையினர். யான் பட்டப் படிப்பிற்குத் தமிழ் இலக்கியத்தைத் தேர்ந்தெடுத்த நாளன்று அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறினாரல்லர். ஆயின் அன்றிரவு உணவின்போது, இதனைப் படித்து முடித்தபின் என்ன வேலை கிடைக்கும் என்று மெல்லக் கேட்டார். ஆசிரியனாவேன் என்றேன். வேறொன்றும் கிடைக்காவிடின் அது கிடைக்கும் என்று அவர் தமக்குத்தாமே ஆறுதல் கூறிக்கொண்டார். அச்சொல் என் உள்ளத்தில் முள்ளெனத் தைத்தது. அதற்கு விடை தேடிய நாள்களிலேதான் சாஸ்திரியார் வாழ்க்கை என் கைக்கு எட்டியது.

மதுரைக்கு அணித்தாய்த் திருப்பரங்குன்றத்தை அடுத்து விளாச்சேரி என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1870-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மைந்தராய் இவர் தோன்றினார். தந்தையார் வடமொழி வல்லுநர். ஆதலின் இளமையிலேயே அம்மொழியைத் தந்தையிடம் பயின்றார். பசுமலையில் கிறித்தவத் தொண்டர் நடத்திவந்த பள்ளியிலும் பின்னர் மதுரையிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். மதுரையில் சபாபதி முதலியார் என்னும் புலவரிடம் தமிழ் நூல்களை முறையாகப் பாடங்கேட்டார். இங்ஙனம் வடமொழி தந்தையாலும், ஆங்கிலம் பள்ளியாலும், தமிழ் புலவராலும் அவர்க்கு வாய்த்தன. மும்மொழியும் கற்றவர் தமிழையே தம் வாழ்வாக்கிக்கொண்டதுதான் நாம் ஊன்றி நோக்கற்பாலது.

மேற்படிப்பின் பொருட்டு அவர் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார. இன்று தாம்பரத்தில் விளங்கும் அக்கல்லூரி 1937-ஆம் ஆண்டுவரை பாரிமுனையில், உயர்நீதிமன்றத்தின் எதிர்ப்புறத்தே இருந்தது. இராயபுரத்திலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாய் நடப்பின் ஒரு மணி நேரத்திற்குள் அவ்விடத்தை அடைதல் கூடும். 1837-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்துத் திருச்சபையார் பள்ளியாகத் தொடங்கிய அந்நிலையத்தை, 1862-ஆம் ஆண்டில் வந்துசேர்ந்த வில்லியம் மில்லர் என்பார் பெருங் கல்லூரியாக வளர்த்தார். மில்லர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை விளக்குவதில் பெயர் பெற்றவர்; மாணவர்பால் அளவிறந்த அன்புடையவர்.

மில்லரும் சாஸ்திரியாரும் நெருங்கியதற்குக் காரணமான நிகழ்ச்சியொன்று அன்னார் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பெற்று வருகின்றது. ஒருநாள் மில்லர் வகுப்பில் டெனிசன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் செய்யுளொன்றைப் பாடஞ் சொன்னார். ஆர்தர் மன்னனை ஏற்றிக்கொண்டு நீரிற் செல்லும் படகின் இயக்கத்தை அன்னத்தின் இயக்கத்தோடு ஒப்பிட்டிருந்த நயத்தை அவர் பாராட்டினார். அப்போது சாஸ்திரியார் எழுந்து, இராமனும் சீதையும் இலக்குவனும் ஏறிக் கங்கையைக் கடந்த ஓடத்தின் செலவை, இளைய அன்னத்தின் நடையோடு ஒப்பிட்டுக் கம்பர் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே பாடியுள்ளார் என்று எடுத்துரைத்தார். மில்லர் அதனைக் கேட்டு வெகுண்டாரல்லர், வியந்து மகிழ்ந்தார். ஆசிரியர் கூற்றுக்கு மாணவன் ஒன்றைச் சேர்த்துரைத்தான். ஆசிரியர் அதனைக் கற்றுக்கொண்டார். இலக்கிய வகுப்பு என்பது இங்ஙனம் இருக்க வேண்டுவதே என்று பிற்காலத்தில் ஆசிரியரான அம்மாணவர் அன்றே உணர்ந்திருத்தல் கூடும் என்று யான் எண்ணுகின்றேன்.

பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவ நூலிலும் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறிப் பாஸ்கர சேதுபதி பெயரால் அமைந்த பொற்பதக்கத்தையும் சாஸ்திரியார் பெற்றார். இனி எத்தொழிலை மேற்கொள்வது என்னும் வினா எழுந்தது. அக்காலத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார்க்கு அரசாங்க வேலையின் கதவுகள் திறந்திருந்தன. வழக்கறிஞராகும் வழியும் இருந்தது. மில்லரோ தம் கல்லூரியிலேயே தத்துவ நூல் ஆசிரியராக அமருமாறு அழைத்தார். சாஸ்திரியார் அதனை விலக்கித் தமிழாசிரியப் பணியையே தமக்கு வேண்டுமெனக் கேட்டார். 1893-ஆம் ஆண்டில் அப்பணியை ஏற்று, இரண்டு ஆண்டுகளுள், 1895-இல், தலைமைத் தமிழாசிரியர் ஆனார்.

இச்செயலின் அருமையை இன்றைய மாணவர் எளிதில் உணரார். அக்காலக் கல்லூரிகளில் ஆங்கிலமும் தத்துவமும் கணிதமும் கற்பித்தோர் ஒருவகையினர். தமிழ் கற்பித்தோர் மற்றொரு வகையினர். முன்னையோர் பேராசிரியர், பின்னையோர் பண்டிதர். பண்டிதர்க்கு ஊதியங் குறைவு. அவைகளில் இருக்கையும் கடைசி. மாணவர் ஆங்கில வகுப்பில் அடங்கியிருந்து, அவ்வடக்கத்தின் களைப்பைத் தமிழ் வகுப்பில் தீர்த்துக்கொள்வர். பட்டம் பெற்ற ஒருவர் தாமே விரும்பி அவ்விருக்கையிற் சென்றமர்ந்தார் என்றால், அவர் ஒரு வேலையை ஏற்றார் என்பதனோடு அமையாது, அவ்விருக்கையின் மதிப்பை உயர்த்த முற்பட்டார் என்றே கொள்ளல் வேண்டும்.

உயர்த்தியதற்கு அவர் கையாண்ட கருவி கற்பித்தலே. வகுப்பில் பாடங்கேட்கும் மாணவருள் தமிழார்வம் மிக்காரைத் தேர்ந்து, அவர்களைத் தம் இல்லத்திற்கு வருவித்து, ஊதியம் எதுவும் பெறாது உயர்ந்த இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என்னும் பெயரால் அழைத்து மகிழ்ந்தார். தேர்வுக்கென வகுத்த பாடம் கல்லூரியில் முடியும்; தேர்வைக் கடந்த பாடம் இல்லத்தில் தொடங்கும். ஒருவனுக்குத் தனிப்பெயர் கொடுத்து அழைத்தல் சிறு செயலாகத் தோன்றலாம். பதினெட்டு அகவை இளைஞனுக்கு அஃது எத்துணை ஊக்கம் அளிக்கும் என்பதை அவ்வகவையினராகிய நாமே அறிவோம்.

கல்லூரிக்கு மற்றொரு தமிழாசிரியர் வேண்டியிருந்தபோது, நாகப்பட்டினத்தைச் சேர்ந்த வேதாசலம் பிள்ளை என்னும் இருபத்தோரகவை இளைஞரின் புலமையை அறிந்து அவரை அமர்த்துதற்குச் சாஸ்திரியார் துணைநின்றார். 1898-இல் பணியேற்ற அவ்விளைஞரே பிற்காலத்தில் மறைமலையடிகள் எனப் பெயர் பூண்டு தனித்தமிழ் நடைக்குத் தலைவராய் விளங்கியவர். தம்மினும் இளையவர் ஒருவரின் ஆற்றலைக் கண்டு அஞ்சாது அருகே அழைத்து அமர்த்திக்கொள்ளுதலும் நல்லாசிரியர்க்குரிய பண்பன்றோ?

இனி, அவர் எழுதிய நூல்களை நோக்குவோம். அவற்றுட் பெரும்பாலன மாணவர் பயன் கருதியனவே. நளவெண்பா, பஞ்சதந்திரம், மகாலிங்கையரின் இலக்கணச் சுருக்கம் முதலியவற்றை அவர் ஆராய்ந்து பதிப்பித்தார். இளைஞர் கையில் பிழையற்ற படி இருத்தல் வேண்டும் என்பதே இப்பதிப்புகளின் கருத்து. புலவர் வரலாறுகளையும் எழுதினார். கதையின் வாயிலாகத் தமிழுரைநடையிற் பழகுதற்கு உதவும் மதிவாணன் என்னும் நாவலை இயற்றினார். அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த எம். எஸ். பூரணலிங்கம் பிள்ளை 1897-ஆம் ஆண்டில் தொடங்கிய ஞானபோதினி என்னும் திங்களிதழில் உடனிருந்து உழைத்தார். அறிவியலும் வரலாறும் இலக்கியமும் தமிழில் எழுதப்பெறல் வேண்டும், ஆங்கிலம் கற்றவர் தமிழிலும் எழுதல் வேண்டும் என்பது அவ்விதழின் குறிக்கோளாயிருந்தது.

அவ்விதழில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பதினான்கு அடிகளால் ஒரு கருத்தைத் தொடுத்து முடிக்கும் சானெட் என்னும் யாப்புவகை ஐரோப்பாவில் உண்டு. அதனைப் பின்பற்றித் தமிழில் பாசுரங்கள் சில இயற்றினார். அவற்றைத் தம் பெயரால் வெளியிடின், கற்றோர் பெயர் நோக்கிப் புகழவோ இகழவோ செய்வர், பாட்டை நோக்கார் என்று கருதினார். ஆதலின் தம் பெயரைத் தமிழாக்கி மறைந்துகொண்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞன். மூன்றும் புணரப் பரிதிமாற் கலைஞன் ஆயிற்று. பின்னர் அப்பாசுரங்கள் தனிப்பாசுரத் தொகை என நூலாயின. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் அவற்றையும் ஆங்கிலமாக்கினார். மறைந்துகொள்ளுதற்குப் புனைந்த அப்பெயரே இன்று அவரை உலகறியச் செய்யும் பெயராய் நிலைத்ததுதான் வியப்பு.

நாடகத் துறையிலும் அவர் உழைப்பு பெரிது. 1891-ஆம் ஆண்டில் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. எனினும் கற்றோர் நாடகத்தை இழிவாக எண்ணும் வழக்கம் மாறவில்லை. சாஸ்திரியார் ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் என்னும் நாடகங்களை இயற்றியதோடு, நாடகத்தின் இலக்கணம் கூறும் நாடகவியல் என்னும் நூலையும் செய்தார். மானவிஜயத்தின் பொருள் பழந்தமிழ் வரலாற்றினின்று எடுத்தது. சோழன் செங்கணானோடு பொருது தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, நீர் வேட்கையால் வருந்தித் தண்ணீர் கேட்டான். காவலர் காலந்தாழ்த்து இகழ்ச்சியோடு கொணர்ந்தனர். அவன் அதனைப் பருகாது உயிர் துறந்தான். மானம் என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்கும் இளைஞனுக்கு அகராதியைக் காட்டாமல் இவ்வரசனைக் காட்டுதல்தான் இலக்கிய ஆசிரியன் செய்யும் தொழில்.

இங்ஙனம் பணி நடந்துவருகையில் அப்பணிக்கே ஓர் இடையூறு வந்தது. 1902-ஆம் ஆண்டளவில் சென்னைப் பல்கலைக் கழகத்தார், வடமொழி முதலிய பழைய மொழிகளை வைத்துக்கொண்டு, தமிழ் முதலிய நாட்டு மொழிகளைப் பாடத்திட்டத்தினின்று நீக்க எண்ணினர். தமிழ் வீட்டிற் பேசுதற்கு அமையும், கல்லூரியில் ஆராய்தற்குரிய உயர்மொழி அன்று என்பது அவ்வெண்ணத்தின் அடிப்படை. சாஸ்திரியார் வடமொழியில் வல்லவர். ஆதலின் அவர் எதிர்த்தது அறியாமையாலன்று, அறிவினாலே. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து கற்றோரைக் கண்டு பேசியும் எழுதியும் அத்திட்டத்தை எதிர்த்தார். 1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் உடன்நின்றது. திட்டம் அவ்வளவில் நின்றது.

எதிர்ப்போடு அமையாது, எதிர்ப்பிற்குரிய காரணத்தையும் நூலாக எழுதினார். அக்காலத்தே சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றி வந்தனர். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அச்சில் வந்தன. தமிழின் பழமைக்குச் சான்று இங்ஙனம் வந்துகொண்டிருந்தது. அச்சான்றுகளைத் தழுவி, தமிழின் தோற்றம், எழுத்து, இலக்கணம், இலக்கியம் ஆகியவற்றை வரலாற்று முறையில் விளக்கும் தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூலை அவர் இயற்றினார். அது 1903-இல் வெளிவந்தது. தமிழ் உயர்ந்ததும் தனித்து இயங்க வல்லதும் செம்மையுடையதும் ஆகலின் அஃது உயர்தனிச் செம்மொழி என்று அவர் நிறுவினார். இந்திய அரசு தமிழைச் செம்மொழி என ஏற்றது 2004-ஆம் ஆண்டில். ஓர் ஆசிரியர் எழுதிய கருத்து அரசாணையாவதற்கு நூற்றோராண்டு சென்றது.

நூல் வெளிவந்த அவ்வாண்டே அவர்தம் இறுதி ஆண்டுமாயிற்று. காசநோய் அவர் உடலைப் பற்றியது. அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் என்பார் 1882-இலேயே கண்டறிந்திருந்தார். எனினும் அதனைக் கொல்லும் மருந்து 1940-களிலேதான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நோயுற்றார்க்கு நல்ல காற்றும் ஓய்வும் அன்றி வேறு துணையில்லை. 1903-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், தம் முப்பத்து மூன்றாம் அகவையில் சாஸ்திரியார் இறைவனடி சேர்ந்தார். தம் மாணவராயும் உடன்பணியாளராயும் இருந்தவரை இழந்த மில்லர் மிகவும் மனமுடைந்தார்.

குறை கூறாது புகழ்தல் வரலாறாகாது. அவர்தம் செய்யுள்களும் நாடகங்களும் செறிந்த நடையின. இன்றைய இளைஞன் உரையின் துணையின்றி அவற்றை எளிதிற் படித்தல் அரிது. நாடகங்கள் அரங்கில் நெடுநாள் நிலைபெறவும் இல்லை. தம் பெயரைத் தமிழாக்கியவர் தம் நாடகங்களுக்கு வடமொழிப் பெயர்களையே சூட்டினார். பல்கலைக் கழகப் போராட்டமும் அவரோடு முடிந்ததன்று. பிற்காலத்து விதிகளால் கல்லூரியில் தமிழின் இடம் சுருங்க, 1911-ஆம் ஆண்டில் மறைமலையடிகளும் அப்பணியை விட்டு விலகினார். ஆயின் இவையனைத்தையும் ஒருதட்டில் இட்டு, பத்தாண்டு ஆசிரியப் பணியை மறுதட்டில் இடின், இரண்டாவதே தாழ்ந்து நிற்கும் என்பது என் துணிபு. அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் நூலன்று. தமிழ் கற்பித்தல் கற்றவன் விரும்பி மேற்கொள்ளத்தக்க தொழில் என்னும் எண்ணமே ஆகும்.

சில திங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் யான் பாரிமுனைக்கு நடந்து சென்றேன். கல்லூரி இருந்த இடத்தருகே ஆண்டர்சன் ஆலயம் இன்றும் நிற்கின்றது. பேருந்துகளின் ஆரவாரத்திற்கிடையே நின்று, இப்பக்கத்தில்தானே ஒரு மாணவர் எழுந்து கம்பரை எடுத்துரைத்தார் என்று நினைத்தேன். திரும்புங்கால் காசிமேட்டருகே மீன்கூடைகளும், எண்ணூர் நோக்கிச் செல்லும் சாலையில் வரிசையாய் நிற்கும் கண்டெய்னர் லாரிகளும் எதிர்ப்பட்டன. அவ்வரிசையின் ஓரமாய்ச் சீருடையணிந்த பள்ளிச் சிறுவர் சிலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிச் சிரித்து வந்தனர். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இராயபுரத்திலும் பதின்மூன்று முதல் பதினெட்டு அகவைக்குட்பட்ட இத்தகையோர் எத்துணைப் பேர்! கரை சேரும் படகையும் அதனைத் தள்ளும் துடுப்பையும் நம்மினும் நன்கறிந்தவர் அவர்களே. கம்பர் ஓடத்தை அன்னமாகக் கண்டதை இவர்களுக்குச் சொல்வார் யார்? இவர்கள் கண்ட படகை இவர்களே எழுதுமாறு தூண்டுவார் யார்?

அன்றிரவு என் தந்தையாரிடம் சாஸ்திரியார் வரலாற்றைச் சொன்னேன். தத்துவ ஆசிரியர் பதவியை விலக்கிய பகுதி வந்தபோது, இரண்டிற்கும் ஊதியத்தில் வேறுபாடு இருந்ததா என்று கேட்டார். கணக்கெழுதுபவர் அல்லரோ! பண்டிதர்க்குக் குறைவு என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, அவர் அறிந்தே ஏற்றாரா என்று வினவினார். அறிந்தே ஏற்றார் என்றேன். அப்படியாயின் அது வேறு என்று சொல்லி எழுந்துவிட்டார். அது வாழ்த்தா, விட்டுக்கொடுத்தலா என்று யான் அறியேன். யான் வேண்டியிருந்த விடை அதுவே என்பதை மட்டும் அறிவேன்.

நம் கல்லூரியில் தமிழ் பயிலும் தோழர்காள்! நம்முட் சிலர் ஆசிரியராவோம். வேறு வழியின்மையால் வந்தோம் என்று நாம் எண்ணின், நம்மிடம் பயில்வோரும் அவ்வாறே எண்ணுவர். விரும்பி வந்தோம் என்பதை அவர்கள் நம் முகத்திற் காண்பாராயின், பாடம் பாதி முடிந்ததாகும். விளாச்சேரியில் அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாய் நிற்கின்றது. அதனினும் மேலான நினைவு, விரும்பிக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் நின்று பேசும் வகுப்பறையே ஆகும். அத்தகைய வகுப்பறைகள் இக்கடற்கரை நெடுகப் பெருகுக!